கழனிக் காவலன்

திண்டுக்கல்லுக்கு வடக்கே குடகனாற்றின் கரையில் அமைந்த ஊர் தாடிக்கொம்பு. ஐப்பசி மழை பெய்து வயல்களில் நீர் தேங்கியதும் தவளைகள் இரவெல்லாம் குரலெழுப்பும். அதனை இரைச்சலென்று வெறுப்பாரும் உளர். உழவர்க்கோ அது காவலன் வந்தமைக்கு அடையாளமாகும். தத்துக்கிளி, வண்டு, புழு முதலியவற்றைத் தவளை பிடித்துத் தின்னும். கொக்கும் நீர்ப்பாம்பும் அத்தவளையை இரையாகக் கொள்ளும். இவற்றுள் ஒன்று குறையின் மற்றவற்றின் தொகையும் மாறும்.

இவ்வுண்மையை நம் நாடு பட்டே அறிந்தது. மேலைநாட்டார் சிலர் தவளைக்காலை விரும்பி உண்பர். அவர்களுக்கு அனுப்புதற்காக இந்திய வயல்களில் பெருந்தவளைகள் பல ஆண்டுகள் மிகுதியாகப் பிடிக்கப்பட்டன. காவல் குறைந்த வயலிற் பூச்சி பெருகும். அதனை அழிக்க மருந்து வாங்க வேண்டும். தவளையால் வந்த பொருள் மருந்துக்கே போகுமாயின் ஆதாயம் எங்கே? 1987-ஆம் ஆண்டில் நடுவணரசு அவ்வேற்றுமதியைத் தடை செய்தது.

தடை வந்தும் தவளைக்கு இடர் தீரவில்லை. அது நீரை வாயாற் பருகுவதில்லை, தோலாலேயே உறிஞ்சுகிறது. மூச்சும் ஓரளவு தோல்வழியே நடைபெறும். ஆதலின் பயிருக்குத் தெளித்த நஞ்சு நீரிற் கலந்தால், பூச்சியோடு அதனைத் தின்னும் தவளையும் மடிகிறது. பூச்சி சில வாரங்களில் மீண்டும் பெருகிவிடும்; தவளையோ அடுத்த மழைக்காலம் வந்த பின்னரே முட்டையிடும்.