டிரம் செட்டில் காசை எதில் போடுவது?

டிரம் செட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் டிரம்மின் நிறத்தையும் எண்ணிக்கையையும்தான் பார்க்கிறார்கள். சிம்பல்? "அதான் கூடவே வருதே" என்று விட்டுவிடுகிறார்கள். என் கருத்து நேர்மாறு. சுமாரான டிரம்மைத் தோல் மாற்றி, சுருதியை ஏற்றி இறக்கி ஓரளவு ஒழுங்காகப் பேச வைத்துவிடலாம். சிம்பலில் திருகுவதற்கு ஒன்றும் கிடையாது. டேப் ஒட்டினால் சத்தம் அமுங்கும், அவ்வளவுதான்.

அக்கா மகன் சர்ச்சில் வாசிக்கிறான். கையில் இருந்த காசுக்கு நாலு உருப்படி கொண்ட பித்தளை செட் வரும். அல்லது நல்ல ஹை-ஹேட் ஒரு ஜோடி மட்டும் வரும். "எது மாமா?" என்றான். கணக்குப் போட்டுக் காட்டினேன். நிமிடத்துக்கு 100 தட்டு வேகத்தில், தட்டுக்கு இரண்டு அடி வீதம் ஹை-ஹேட் வாசித்தால் நாலு நிமிடப் பாட்டில் 800 அடி. கிராஷ் இருபது முப்பது தடவை விழுந்தாலே அதிகம். அப்போ காசு எங்கே போகணும்?

அடுத்தது உலோகம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். விலை குறைவு, ஆனால் ஒலி சீக்கிரம் விரியாது, சமயத்தில் சாப்பாட்டுத் தட்டைத் தட்டிய மாதிரி இருக்கும். திருப்பி விற்கப் போனாலும் பெரிதாக ஒன்றும் தேறாது. வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும். வெள்ளீயம் 8 சதவீதம் என்றால் பி8. தகடாக உருட்டி வட்டமாக வெட்டி எடுக்கலாம். 20 சதவீதம் என்றால் பி20. இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்தால் உலோகம் நொறுங்கத் தொடங்கும். அதனால் வார்த்து, பழுக்கக் காய்ச்சி உருட்டி, தண்ணீரில் தோய்த்து, அப்புறம்தான் சுத்தியல் வேலை. எஃகைச் சூட்டோடு தண்ணீரில் போட்டால் விறைக்கும். இந்த வெண்கலமோ அப்படிக் குளிர்ந்தால்தான் அடிக்கு வளைந்து கொடுக்கும்! 1623-இல் இஸ்தான்புல்லில் தொடங்கிய சில்ஜியான் குடும்பத்தின் பிழைப்பே இந்தக் கலவைதான். நம் ஊர்க்காரர்களுக்கும் இது புதிதல்ல. ஆதிச்சநல்லூரில் கிடைத்த மெல்லிய வெண்கலப் பாத்திரங்கள் சிலவற்றிலும் வெள்ளீயம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது.

உடனே "பி20 உசத்தி, பி8 மட்டம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பைஸ்டே நிறுவனம் 1971-இல் கொண்டுவந்த 2002 வரிசை பி8-தான். லெட் செப்பலின் ஜான் பான்ஹாம் வாசித்தது அதைத்தான். பி8 பளிச்சென்று, கூர்மையாக வெட்டும். கிடார் இரைச்சலுக்கு நடுவிலும் கேட்கும். பி20-இன் ஒலி கொஞ்சம் இருண்டது, அடுக்கடுக்கானது. ஜாஸ் வாசிப்பவர்கள் அதைத் தேடுவது அதனால்தான்.

கடையில் யாரும் அதிகம் பேசாத விஷயம் தடிமன். மெல்லிய தட்டு சட்டென்று திறந்து சீக்கிரம் அடங்கும், சுருதியும் கீழே இருக்கும். கனமானது சத்தம் கூடுதல், நேரம் பிடித்து ஒலிக்கும், குச்சி படும் "டிங்" தெளிவாக வரும். அதனால் கிராஷ் மெல்லியதாகவும் ரைடு சற்றுக் கனமாகவும் இருப்பது வழக்கம். எதிரொலிக்கும் சர்ச் ஹாலில் கனமான கிராஷ் வைத்தால் பாடுகிறவர் குரல் முங்கிவிடும். அவனுக்கு நான் சொன்னது: 14 அங்குல பி20 ஹை-ஹேட், நடுத்தரக் கனத்தில். அடுத்த சம்பளத்தில் 20 அங்குல ரைடு. கிராஷ் கடைசியில், அதுவரை ரைடின் விளிம்பிலேயே அடித்து ஒப்பேற்றலாம்.

பழையது வாங்கினால் காசு மிச்சம். விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் விரிசல், அது வளர்ந்துகொண்டேதான் போகும். நடுத் துளை வட்டமாக இல்லாமல் ஒருபக்கம் இழுபட்டிருந்தால் பிளாஸ்டிக் குழாய் இல்லாமல் வெறும் இரும்பில் மாட்டி வாசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கறுத்துப்போயிருப்பது மட்டும் குறையே இல்லை, அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.