பனிமலை ஏறும் பூட்ஸும் நம் வீட்டுப் பாதமும்

நம் சங்கப் பத்திரிகையில் கோயில், கச்சேரி, சமையல் குறிப்பு என்று படித்துப் பழகிய அன்பர்களுக்கு, ஒரு ஜோடி பூட்ஸைப் பற்றிய கட்டுரை வியப்பாக இருக்கலாம். ஆனால் தில்லியில் வளரும் நம் பிள்ளைகள் நாலு நாள் லீவு கிடைத்தால் மலைக்குத்தான் ஓடுகிறார்கள். குல்மார்க், ஔலி, மணாலிக்குப் பக்கத்தில் சோலாங் என்று பனிச்சறுக்குக்குப் போய்வருகிறவர்கள் நம் காலனியிலேயே நான்கைந்து பேர் உண்டு. அவர்களுக்கும், அவர்கள் திரும்பி வரும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

2023 பிப்ரவரியில் என் இளைய மகள் நண்பர்களோடு குல்மார்க் சென்றாள். திரும்பி வந்தவள் வாசலில் செருப்போடு நின்றாள். இரண்டு கால்களிலும் கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது. விசாரித்ததில், கடைசி நாள் பிற்பகல் இறக்கத்தில் விரல்கள் மரத்துப்போய், பூட்ஸின் பக்கிளைக் கழற்றி மாட்டக்கூட முடியாமல், மற்றவர்கள் கைத்தாங்கலாக இருட்டும் நேரத்தில் கீழே கொண்டுவந்தார்கள் என்று தெரிந்தது. பனிக்கடிக்கு மயிரிழையில் தப்பியிருக்கிறாள். “அந்த பூட்ஸைத் தூக்கி எறிஞ்சுட்டு மறு வேலையைப் பாரு” என்றாள் என் மனைவி. மகளோ, “அப்பா, நீங்க ஒரு தடவை பாருங்களேன். முப்பத்தஞ்சு வருஷம் இரும்பையே சரி பண்ணினவர்தானே?” என்றாள்.

ரயில்வேயில் இருந்தபோது சில ஆண்டுகள் காஷ்மீர் பள்ளத்தாக்கு ரயில் பாதைப் பணியில் இருந்தேன். பனியில் வேலை செய்யும் மனிதனுக்குக் கால்தான் முதல் என்பதை அங்கே கற்றுக்கொண்டவன். ஆகவே பூட்ஸை மேஜைமேல் வைத்துப் பிரித்துப் பார்த்தேன்.

இது எந்த வகை பூட்ஸ்?

ரோப்வேயில் ஏறி, சறுக்கி இறங்குவதற்கு ஒரு வகை பூட்ஸ். பலகையோடு தானே மலை ஏறி, பிறகு சறுக்கி இறங்குவதற்கு வேறு வகை. இரண்டாவதைத்தான் ‘ஸ்கீ டூரிங்’ என்கிறார்கள். ஏறும்போது பலகையின் அடியில் நைலான் அல்லது மோஹேர் ரோமப் பட்டையை ஒட்டிக்கொள்வார்கள். அது முன்னால் வழுக்கும். பின்னால் வழுக்க விடாது. பூட்ஸின் நுனியில் இரண்டு பக்கமும் உலோகக் குழிகள் இருக்கும். பலகையில் உள்ள கட்டின் ஊசிகள் அதில் மாட்டிக்கொள்ள, குதிகால் மட்டும் எழும்பி எழும்பி இறங்கும். 1980களில் ஆஸ்திரிய நாட்டு ஃபிரிட்ஸ் பார்த்தெல் என்பவர் உருவாக்கிய இந்த ஊசிக்கட்டுதான் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது.

பூட்ஸில் மூன்று பாகங்கள். வெளியே கடினமான பிளாஸ்டிக் ஓடு. அதற்குள் கழற்றி எடுக்கக்கூடிய, நுரைப்பொருளால் ஆன லைனர். அதற்குள் பாதம் பதியும் உள்ளட்டை. கணுக்காலுக்குப் பின்னால் ஒரு நெம்புகோல் உண்டு. அதை விடுவித்தால் மேல்பாகம் முன்னும் பின்னும் அசைந்து நடக்க விடும். பூட்டினால் இறக்கத்துக்கு ஏற்றபடி விறைத்து நிற்கும். ஒரே பொருள் நடப்பதற்குத் தளர்வாகவும், சறுக்குவதற்கு இறுக்கமாகவும் இருக்க வேண்டும். சிக்கல் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

வலிக்கும் இடம் வேறு, காரணம் வேறு

நகம் கறுத்ததைப் பார்த்தவுடன், “பூட்ஸ் சின்னது, அடுத்த சைஸ் வாங்கிவிடு” என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லுமுன் அளந்து பார்த்தேன்.

இந்த பூட்ஸுகளின் அளவு ‘மாண்டோ பாயின்ட்’ எனப்படுகிறது. பாதத்தின் நீளம் எத்தனை சென்டிமீட்டரோ அதுவே எண். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அரை சைஸுக்குத் தனி ஓடு செய்வதில்லை, 25-க்கும் 25.5-க்கும் ஒரே ஓடுதான் இருக்கும். எனவே எண்ணை மட்டும் நம்பாமல் ஓட்டைச் சோதிக்க வேண்டும். லைனரைக் கழற்றிவிட்டு, வெறும் ஓட்டுக்குள் காலை நுழைத்து, விரல்நுனி முன்சுவரை லேசாகத் தொடும்படி நிற்கவும். குதிகாலுக்கும் பின்சுவருக்கும் இடையே ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் டூரிங்குக்குச் சரியான நீளம். மூன்று விரல் தாராளமாக நுழைந்தால் பூட்ஸ் பெரிது. அதைச் சரி செய்ய முயல்வது வீண்.

என் மகளின் ஓட்டில் இடைவெளி ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். நீளம் சரியாகவே இருந்தது! அப்படியானால் நகம் ஏன் கறுத்தது?

அவளை பூட்ஸ் மாட்டிக்கொண்டு முழங்காலை முன்னால் வளைக்கச் சொன்னேன். குதிகால் உள்ளே ஒரு விரல்கடை மேலே எழும்பியது. அதுதான் மூலம். குதிகாலைப் பிடிக்க உள்ளே ஒன்றும் இல்லை. இறக்கத்தில் பாதம் முழுவதும் முன்னால் வழுக்கி நகம் சுவரில் மோதுகிறது. அது பொறுக்காமல் அவள் பாதத்தின் மேற்புறம் இருக்கும் பக்கிளை இறுக்கியிருக்கிறாள். அங்கேதான் விரல்களுக்குப் போகும் ரத்தக்குழாயும் நரம்பும் தோலுக்கு அருகில் ஓடுகின்றன. ரத்தம் குறைந்தது, விரல் மரத்தது. குளிர்கிறது என்று இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டிருக்கிறாள். இறுக்கம் மேலும் கூடியது. ஆக, தளர்வாக இருந்ததால் வந்த வினை, இறுக்கமாக இருப்பதுபோல் வேஷம் போட்டிருக்கிறது. அடுத்த சைஸ் வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

இதற்கு நடுவே உண்மையான இறுக்கம் ஒன்றும் இருந்தது. சுண்டுவிரலின் அடியில் வெளிப்பக்கம் புடைத்திருக்கும் எலும்பு ஓட்டில் உரசிச் சிவந்திருந்தது. சிறு வயதில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்களின் பாதம் முன்பகுதியில் அகலமாக இருக்கும் என்று ஆய்வுகள் கூறுகின்றன. என் மகள் வீட்டில் இன்றும் வெறுங்கால்தான். நம் வீடுகளில் அதுதானே வழக்கம். இந்த பூட்ஸுகளில் முன்பாத அகலம் ஏறக்குறைய 98 முதல் 103 மில்லிமீட்டர் வரை மாதிரிக்கு மாதிரி மாறும். வாங்கும்போதே நீளத்தோடு அகலத்தையும் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

சரிசெய்த வரிசை

இந்த வேலையில் வரிசை முக்கியம். உள்ளிருந்து வெளியே வர வேண்டும். முதலிலேயே ஓட்டில் கை வைக்கக்கூடாது. லைனரைத் திரும்பவும் பதமாக்கலாம். ஓட்டில் செய்த பிழையைத் திருத்துவது கடினம்.

முதலாவது, உள்ளட்டை. நாம் எழுந்து நிற்கும்போது பாதத்தின் வளைவு அமுங்கி, பாதம் சில மில்லிமீட்டர் நீள்கிறது. கம்பெனி தரும் மெல்லிய அட்டை இதைத் தாங்காது. வளைவைத் தாங்கும் நல்ல உள்ளட்டை ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். அப்போதே குதிகால் ஆட்டம் பாதி குறைந்தது.

இரண்டாவது, குதிகாலுக்குப் பிடிப்பு. கணுக்கால் முட்டிக்குக் கீழும் பின்னுமாக, லைனரின் வெளிப்புறத்தில், ஆங்கில ‘எல்’ வடிவில் வெட்டிய நுரைப்பட்டையை ஒட்ட வேண்டும். கரோல் பாகில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் ஒரு துண்டு கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார். முட்டியின் மேலேயே ஒட்டினால் வலிக்கும். அதைச் சுற்றியுள்ள பள்ளத்தில்தான் ஒட்ட வேண்டும்.

மூன்றாவது, லைனரைச் சூடாக்கிப் பதிய வைப்பது. இந்த நுரை சூட்டில் இளகி, ஆறும்போது பாதத்தின் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். கடைகளில் இதற்கென்று சூட்டுக்காற்று இயந்திரம் உண்டு. எங்களிடம் இருந்தது மைக்ரோவேவும் அரிசியும். பருத்தி சாக்ஸில் அரிசியை நிரப்பி, மைக்ரோவேவில் நன்றாகச் சூடேற்றி, லைனருக்குள் நுனிவரை திணித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தோம். “பொன்னி அரிசியா எடுத்தீங்க?” என்று மனைவி கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. பிறகு விரல்களின்மேல் சிறு பஞ்சுத் தொப்பி, அதன்மேல் மெல்லிய சாக்ஸ் ஒன்று. லைனரை ஓட்டுக்குள் வைத்துக் காலை நுழைத்து, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, பக்கிளை மெதுவாக மட்டும் மாட்டி, அசையாமல் பத்து நிமிடம் நிற்க வேண்டும். பஞ்சு இருந்த இடம் விரல்களுக்கு அறையாகிவிடும். எல்லா லைனரும் இப்படிப் பதிவதில்லை. சூட்டின் அளவும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். கூட வரும் தாளைப் படிக்காமல் ஆரம்பிக்கக்கூடாது.

நான்காவதாகத்தான் ஓடு. சுண்டுவிரல் எலும்பின்மேல் குங்குமத்தைக் குழைத்துத் தொட்டு, வெறுங்காலை ஓட்டுக்குள் விட்டு எடுத்தால், தள்ள வேண்டிய இடத்தில் பொட்டு வைத்ததுபோல் அடையாளம் விழும். அந்த இடத்தை ஹீட் கன் கொண்டு, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டி ஆட்டிச் சூடாக்கினேன். மேற்பரப்பு லேசாகப் பளபளக்கத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு, உள்ளே உருண்டையாக இழைத்த மரக்கட்டையை வைத்து, ஜி-கிளாம்ப்பால் வெளியே தள்ளினேன். பிளாஸ்டிக் ஆறும்போது ஓரளவு திரும்பிச் சுருங்கும். ஆகவே நான்கு மில்லிமீட்டர் வேண்டுமென்றால் ஆறு தள்ள வேண்டும். இரவு முழுவதும் கிளாம்ப்பைக் கழற்றக்கூடாது.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். டூரிங் பூட்ஸுகள் பெரும்பாலும் நைலான் இனத்தைச் சேர்ந்த மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆனவை. அவை இளகும் சூட்டுக்கும் உருகும் சூட்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கார்பன் இழை கலந்த பகுதியைத் தள்ள முடியாது; விரிந்து கெட்டுவிடும். நுனியிலுள்ள உலோகக் குழியின் பக்கம் சூடு அண்டவே கூடாது; அது தளர்ந்தால் சரிவின் நடுவே பலகை கழன்றுவிடும். நான் அந்த இடத்தை ஈரத்துணியால் சுற்றிவைத்தேன். கை நடுங்குகிறவர்கள் இந்த நான்காவது வேலையைப் பழகிய பூட்ஸ் கடைக்காரரிடம் விட்டுவிடுவது மேல்.

எடையும் சாய்வும்

காலில் ஏறும் ஒரு கிலோ முதுகில் ஏறும் ஐந்து கிலோவுக்குச் சமம் என்று மலையேறுவோர் சொல்வதுண்டு. ஒரு பூட்ஸில் 200 கிராம் கூடுதல் என்றால், ஓர் ஏற்றத்தில் அந்தக் கால் 3,000 எட்டு வைத்தால், 600 கிலோவை வீணாக நகர்த்துகிறோம். ஆனால் எடைக்காக ஆசைப்பட்டு மெலிந்த பூட்ஸை வாங்கினால், இறக்கத்தில் அது தாங்காது. கற்றுக்கொள்கிறவர்களுக்கு நடுத்தர எடையே நல்லது.

மேல்பாகம் முன்னால் சாயும் கோணத்தைப் பல பூட்ஸுகளில் மாற்றலாம். தொடை சீக்கிரம் எரிந்தால் சாய்வு அதிகம் என்று பொருள் கொள்ளலாம். உடல் பின்னால் தள்ளப்படுவதாகத் தோன்றினால் சாய்வு போதவில்லை. ஒரு நாளைக்கு ஒரே மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் என்ன ஆயிற்று என்றே தெரியாது.

மலையில் கவனிக்க வேண்டியவை

எங்கள் ரயில்வேயில் ‘ஹாட் ஆக்சில்’ என்று ஒன்று உண்டு. அச்சுப்பெட்டி சூடேறி லேசாகப் புகை வந்தால், கடந்துபோகும் ரயிலைக் கவனித்து நிற்கும் ஊழியர் சிவப்பு காட்டி நிறுத்திவிடுவார். அடுத்த ஸ்டேஷனில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வண்டி தடம் புரளும். காலும் அப்படித்தான். குதிகாலில் சுரீரென்று சூடு தெரிந்த அந்த நிமிடமே நின்று, பூட்ஸைக் கழற்றி, பிளாஸ்திரி ஒட்டிவிட வேண்டும். கொப்புளம் வந்தபின் ஒட்டிப் பயனில்லை. கூட வருகிறவர்களைக் காக்க வைப்பதற்கு வெட்கப்படக் கூடாது. என் மகள் அன்று வெட்கப்பட்டாள். அதனால்தான் எல்லோரும் இருட்டில் இறங்க நேர்ந்தது.

ஏறும்போது பக்கிள்கள் தளர்வாக இருக்கட்டும். உச்சியில் பட்டையைக் கழற்றியபின் நெம்புகோலைப் பூட்டி, கணுக்காலுக்கு மேலுள்ள பக்கிளை முதலில் இறுக்கவும். பாதத்தின்மேல் உள்ளதை மென்மையாக மட்டும் போடவும். நல்ல கம்பளி சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி போதும். நுனிக் குழிகளில் உறைந்த பனியைக் குச்சியால் சுரண்டிவிட்டே பலகையை மாட்டவும். இரவில் லைனரைக் கழற்றி உலர்த்தவும்; காஷ்மீரில் அறைக்கு அறை எரியும் புகாரி அடுப்பின்மேல் சாய்த்துவைத்தால் நுரை சுருங்கிப்போகும். விரலில் உணர்வே இல்லையென்றால் அன்றைய ஏற்றம் அதோடு முடிந்தது, திரும்பிவிட வேண்டும். குல்மார்க் அபர்வத் சரிவுகளில் பனிச்சரிவு அபாயமும் உண்டு. பூட்ஸ் எவ்வளவு சரியாக இருந்தாலும், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் பாதை தாண்டக்கூடாது.

2024 மார்ச்சில் மகள் மறுபடி குல்மார்க் போனாள். நான்கு நாளும் இரவு எட்டு மணிக்கு அவளிடமிருந்து தொலைபேசி வரும், அவள் அம்மா முதலில் கேட்பது, “விரல் எப்படி இருக்கு?” என்பதுதான். நகம் கறுக்கவில்லை, குதிகால் எழும்பவில்லை. இடது காலில் மட்டும் எலும்பு இன்னும் கொஞ்சம் உரசுகிறதாம். அங்கே நான் தள்ளியது ஒரு மில்லிமீட்டர் போதவில்லை. அடுத்த முறை அதை அவளே செய்யட்டும் என்று ஹீட் கன்னையும் கிளாம்ப்பையும் அவள் அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.

2025 ஜூனில் செனாப் பாலம் திறந்தபின் கட்ரா வழியாக ஸ்ரீநகருக்கு ரயிலிலேயே போகலாம். நம் பிள்ளைகள் இனி இன்னும் அதிகம் போவார்கள். தடுப்பதைவிட, புறப்படுமுன் ஒருநாள் உட்கார்ந்து அவர்கள் காலையும் பூட்ஸையும் சேர்த்து அளந்து பாருங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களால் செய்யக்கூடிய வேலைதான் அது.