இடத்தைச் சுட்டும் குறியீடு

ஒரே தோற்றமுடைய வன்தட்டுகள் பல வரிசையாகச் செருகப்பட்டிருக்கும் பெரிய சர்வர் கணினியில், ஒரு வன்தட்டு பழுதானது என்று அறிவது எளிது. அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பிழையின்றிச் சொல்வதே அரிது. ஒரு வட்டின் இழப்பை மட்டும் தாங்கும்படி தரவு பகிர்ந்து எழுதப்பட்டிருக்கும்போது, பழுதானதை விட்டுப் பக்கத்திலுள்ள நல்ல வட்டைக் கழற்றினால் தரவு முழுவதுமே எட்டாமற் போகும். இந்தப் பிழையைத் தடுப்பதற்காகவே ஒவ்வொரு பாகத்திற்கும் இருப்பிடக் குறியீடு தரப்படுகிறது.

இம்முறையைச் சீராகக் கையாள்பவை ஐபிஎம் நிறுவனத்தின் பவர் வகை சர்வர்கள். அவற்றில் குறியீடு 'யூ' என்ற எழுத்துடன் தொடங்கி, பெட்டியின் வகை, மாதிரி, வரிசை எண் ஆகியவற்றைச் சொல்லி, பிறகு வெளியிலிருந்து உள்ளே படிப்படியாகச் செல்கிறது. 'பி1-சி5-டி1' என்று முடியுமானால், அப்பெட்டியின் முதல் மின்சுற்றுப் பலகையில், ஐந்தாம் செருகிடத்திலுள்ள அட்டையின் முதல் இணைப்புத் துளை என்பது பொருள். குறியீடு இடத்திற்கு உரியதே தவிர, அங்கே அமரும் பாகத்திற்கு உரியதன்று என்பதே இதன் உயிர்நாடி. பழைய அட்டையைக் கழற்றி அதே இடத்தில் புதியதைப் பொருத்தினாலும் குறியீடு மாறுவதில்லை.

இதை வழங்குவது ஃபர்ம்வேர், அதாவது இயங்குதளத்திற்கும் முன்பே விழித்தெழும் அடிப்படை மென்பொருள். பெட்டியின் அமைப்பை முன்கூட்டியே அறிந்திருக்கும் அது, பாகங்களிலுள்ள சிறு நினைவகச் சில்லுகளிலிருந்து அவற்றின் வகையையும் வரிசை எண்ணையும் படித்து, கருவிகளைக் கிளைகளாகக் காட்டும் பட்டியல் ஒன்றைக் கட்டி, ஒவ்வொரு கிளையிலும் உரிய குறியீட்டை எழுதி இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. பழுது நேரும்போது அறிக்கையில் தோன்றும் குறியீடு பெட்டியில் அச்சிடப்பட்ட அடையாளத்தோடு பொருந்துவதால், தொழில்நுட்பர் ஊகிக்க வேண்டியதில்லை. கையால் தொட முடியாத மெய்நிகர் அட்டைகளுக்கும் இத்தகைய முகவரி உண்டு. அங்கே பலகையைக் குறிக்கும் எழுத்தின் இடத்தில் 'வி' என்ற எழுத்தும், அட்டைக்கு உரிய கணினிப் பிரிவின் எண்ணும் வருகின்றன.

லினக்ஸ் உலகம் நெடுங்காலம் வேறு வழியில் சென்றது. வலையமைப்பு அட்டைகள் கண்டறியப்பட்ட வரிசையிலேயே ஈத்0, ஈத்1 எனப் பெயர் பெற்றன. அவ்வரிசை ஒவ்வொரு தொடக்கத்திலும் ஒன்றாகவே இருக்கும் என்ற உறுதி இல்லாததால், உள்வலையை இணையத்திலிருந்து காக்கும் கணினியில் உள்பக்கத் துளையும் வெளிப்பக்கத் துளையும் பெயர் மாறிக்கொள்ளக்கூடிய ஆபத்து இருந்தது. 2013 ஜனவரியில் வெளியான, லினக்ஸில் இயங்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருளின் 197ஆம் பதிப்பு இடத்தைச் சார்ந்த பெயரிடலைக் கொண்டுவந்தது. இஎன்பி3எஸ்0 என்பது மூன்றாம் பிசிஐ தடத்தில், 0 என்னும் எண்ணுடைய இடத்திலுள்ள ஈதர்நெட் அட்டையைக் குறிக்கும்.

எனினும் இந்தப் பெயரும் முற்றிலும் அசையாததன்று. பிசிஐ தடங்களின் எண்கள் கணினி தொடங்கும்போது எண்ணி இடப்படுபவை. வேறு தடத்திற்குக் கிளை பிரிக்கும் அட்டை ஒன்று புதிதாகச் செருகப்பட்டால், அடுத்துள்ள எண்கள் நகர்ந்துவிடக்கூடும். ஆகவேதான் சிஸ்டம்டி, தாய்ப்பலகையோடு இணைந்த துளைக்கு ஃபர்ம்வேர் தரும் எண்ணையும், அதற்கடுத்துச் செருகிடத்தின் எண்ணையும் முதலில் தேடுகிறது. அவை இரண்டும் கிடைக்காதபோதே தட எண்ணை நாடுகிறது.