கணக்கு நோட்டில் பிள்ளையார் சுழி... கம்ப்யூட்டரில்?

ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க டிவி தொடரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் ஒரு பிரிவான டீப் ஸ்பேஸ் நைன் 1993 முதல் 1999 வரை ஒளிபரப்பானது. அதில் பெரெங்கி என்ற வேற்றுக் கிரக மக்கள் வருவார்கள். இவர்களுக்கு வியாபாரம்தான் மதம். லாபம் சேர்க்க வழி சொல்லும் 285 விதிகள்தான் வேதம். லாபத்தோடு இறந்தவர் தெய்வீகக் கருவூலத்திற்குப் போவார். அங்கு நடக்கும் ஏலத்தில், தான் சேர்த்த செல்வத்தைக் கொடுத்து அடுத்த பிறவியை ஏலம் எடுப்பார்.

பேராசையைக் கேலி செய்வதற்காக எழுதப்பட்ட கற்பனை மதம் இது. ஆனால் வியாபாரத்தையும் சாமியையும் ஒரே நோட்டில் எழுதும் வழக்கம் நமக்குக் கற்பனை அல்ல. அந்த நோட்டு இப்போது கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, கடைக் கணக்கையோ தோட்டக் கணக்கையோ அதில் எழுதத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது.

ஏலத்துக்கு வரும் ஏலம்

தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு வாருங்கள். ஊருக்கு மேலே போடிமெட்டு மலைப்பாதை. அதைத் தாண்டினால் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். அங்கே விளையும் காய் விற்பனைக்கு வரும் இடங்களில் போடி முக்கியமானது. ஏலக்காய்க்கும் ஏலம் என்றுதான் பெயர், அதை விற்கும் முறைக்கும் ஏலம் என்றுதான் பெயர்!

முன்பு இங்கே வாயால் விலை கேட்டு ஏலம் நடந்தது. இப்போது போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் உள்ள புற்றடியிலும், ஸ்பைசஸ் போர்டு எனப்படும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் மின்னணு ஏலம் நடக்கிறது. வியாபாரிகள் மாதிரிக் காய்களைக் கையில் எடுத்து, நிறத்தையும் பருமனையும் பார்க்கிறார்கள். பிறகு தங்களுக்கு முன் உள்ள கம்ப்யூட்டரில் விலையைப் பதிகிறார்கள். அன்றைய வரத்து, விற்ற அளவு, அதிகபட்ச விலை, சராசரி விலை ஆகியவை வாரியத்தின் இணையதளத்தில் வெளியாகின்றன. வீட்டில் இன்டர்நெட் இருந்தால் நீங்களும் பார்க்கலாம்.

2018ல் பெருவெள்ளம், அடுத்து வறட்சி எனத் தோட்டங்கள் அடிபட்ட நிலையில், 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ ரூ.7,000 வரை போனது. பின்னர் விலை வெகுவாக இறங்கியது. திரையில் தோன்றும் அந்த எண்ணில்தான் ஒரு சிறு விவசாயியின் வருடமே அடங்கியிருக்கிறது. அது சரியான எண் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் இந்த வியாபாரமே இல்லை.

சாமியும் ஒரு பங்குதாரர்

இந்த நம்பிக்கையைக் காப்பாற்ற நம் வணிகர்கள் சாமியைத் துணைக்கு அழைத்தார்கள். நோட்டின் தலையில் பிள்ளையார் சுழி. அதன் கீழே "லாபம்" என்ற சொல். மரக்காலில் நெல் அளக்கும்போதுகூட முதல் மரக்காலை "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்றுதான் எண்ணுவார்கள்.

அதே கணக்கில் "மகமை" என்று ஒரு வரியும் இருக்கும். மூட்டைக்கு இவ்வளவு, விற்பனைக்கு இவ்வளவு என்று கோயிலுக்கும் ஊர்ப் பொதுக் காரியத்துக்கும் ஒதுக்கும் பணம் இது. சிவகங்கை மாவட்டம் பிரான்மலையில் 13ம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. உப்பு, நெல், மிளகு, மஞ்சள், சுக்கு, பாக்கு, இரும்பு, பருத்தி என்று சரக்கு வாரியாகப் பட்டியலிட்டு, கோயிலுக்கு இவ்வளவு தருகிறோம் என்று வணிகர்கள் அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைய மொழியில் சொன்னால், கல்லில் செதுக்கிய எக்ஸெல் ஷீட்! விருதுநகரில் 1889ல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை பள்ளிக்கூடம் இத்தகைய மகமைப் பணத்தில் எழுந்ததுதான்.

பெரெங்கி மதத்தில் லாபமே சாமி. இங்கே சாமி லாபத்தில் ஒரு பங்குதாரர். பங்குதாரர் பார்க்கும் கணக்கில் பொய் எழுதக் கூடாது அல்லவா?

அழித்தால் தெரியுமா?

நோட்டில் ஒரு எண்ணை அடித்துத் திருத்தினால் அடித்த கோடு அப்படியே நிற்கும். கம்ப்யூட்டரில் டெலீட் கீயைத் தட்டினால் சுவடே இருக்காது. இதை உணர்ந்துதான், 2023 ஏப்ரல் 1 முதல் இந்தியக் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு சாப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் தேதியுடன் பதிவாகும் வசதி கட்டாயமாக்கப்பட்டது. வீட்டில் கணக்கு எழுதும் நமக்கு இந்தச் சட்டம் இல்லை. ஆனால் அந்த ஒழுங்கை நாமே ஏற்படுத்திக் கொள்ளலாம்.

1. எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறக்கவும். முதல் வரிசையில் ஏ முதல் எப் வரையிலான கட்டங்களில் தேதி, விவரம், எடை, விலை, தொகை, மகமை என டைப் செய்திடவும்.

2. இ2 கட்டத்தில் சமக் குறி இட்டு, சி2, நட்சத்திரக் குறி, டி2 எனச் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டவும். எடையும் விலையும் பெருகித் தொகை கிடைக்கும். எப்2 கட்டத்தில் சமக் குறியுடன் இ2, நட்சத்திரக் குறி, 1% எனத் தரவும். 100 கிலோ காய் கிலோ ரூ.2,000 வீதம் விற்றால் தொகை ரூ.2,00,000, மகமை ரூ.2,000. கோயிலுக்கோ பிள்ளைகள் படிப்புக்கோ, எதற்கு ஒதுக்குவது என்பது உங்கள் விருப்பம்.

3. தவறு நேர்ந்தால் பழைய வரியை அழிக்காதீர்கள். கீழே புதிய வரியில் "திருத்தம்" என எழுதி, வித்தியாசத்தைக் கூட்டவோ கழிக்கவோ செய்யவும்.

4. மாதம் முடிந்ததும் ரிவியூ டேப் சென்று புரொடெக்ட் ஷீட் கிளிக் செய்து, பாஸ்வேர்ட் கொடுக்கவும். (லிப்ரே ஆபீஸில் இது டூல்ஸ் மெனுவில் கிடைக்கும்.) கை தவறி எண்கள் மாறுவதை இது தடுக்கும்.

5. பைல் பெயரில் மாதத்தையும் ஆண்டையும் சேர்த்து, பென் டிரைவில் ஒன்றும் கூகுள் டிரைவில் ஒன்றுமாக நகல் வைக்கவும். ஹார்ட் டிஸ்க் பழுதானாலும் கணக்கு பிழைக்கும்.

பூஜைக்கு முன் பேக்கப்

சரஸ்வதி பூஜை அன்று கணக்கு நோட்டைப் பூஜையில் வைத்து, விஜயதசமி அன்று எடுத்து எழுதுவது வழக்கம். இப்போது கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். தாராளமாக வையுங்கள். ஆனால் முதலில் ஷட் டவுன் செய்து, மின் இணைப்பைத் துண்டித்து விடுங்கள். காற்றுத் துவாரங்களில் சந்தனமும் விபூதியும் விழாமலும், கற்பூரத் தட்டு அருகில் வராமலும் பார்த்துக் கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால், அந்த வருடத்துக் கணக்கு முழுவதையும் பேக்கப் எடுத்து, அந்தப் பென் டிரைவையும் சாமி படத்தின் முன் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது பேக்கப் எடுக்க இதைவிட நல்ல நாள் காலண்டரில் இல்லை.