பெயரே விடுதலை!

பெண் குழந்தைக்கு 'விடுதலை' என்றே பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? அயர்லாந்தில் வைக்கிறார்களே! 'சீர்ஷா' என்ற ஐரிஷ் பெயருக்கு அதுதான் அர்த்தம்.

இது புராணப் பெயரும் இல்லை, புனிதர் பெயரும் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட்டு, 1922-ல் ஐரிஷ் சுதந்திர நாடு பிறந்ததையொட்டி, சாதாரணச் சொல் பெண் பெயரானது.

வெளிநாடுகளில் அபூர்வமான இதைப் பிரபலமாக்கியவர், 13 வயதிலேயே ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட நடிகை ரோனன். அவர் தன் பெயரை 'சர்ஷா' என்பார். இரண்டு உச்சரிப்பும் சரியே.

சிக்கல் எழுத்தில்தான்! ஆங்கிலம்போல் கூட்டிப் படித்தால் 'சவோர்சே' என்று வரும். ஐரிஷில் கடைசி 'ஈ'க்கு முன்னால் உள்ள 'எஸ்', 'ஷ' என ஒலிக்கும்.

இந்தப் பெயரை வைக்கும் பெற்றோர், "தப்பாகக் கூப்பிட்டால் கூச்சப்படாமல் திருத்து, கண்ணு" என்று குழந்தைக்குச் சொல்லித் தரட்டும். பெயரிலேயே விடுதலை இருக்க, கூச்சம் எதற்கு?