கூரைத் தகரமும் ஒரு குழுக் கூட்டமும்

எங்கள் வீடு கடலில் இருந்து 200 மீற்றர் தூரம்கூட இல்லை. வாப்பா உயிரோடு இருந்த காலத்தில் குசினிக்கு ஓட்டை எடுத்துவிட்டு நாகம் பூசிய தகரம் போட்டார். மூன்றாவது மாரிக்கே ஆணி அடித்த இடங்களைச் சுற்றிச் செம்மஞ்சள் வளையங்கள் தோன்றின. அடுத்த மாரியில் உம்மா அடுப்புக்கு மேலே ஒரு சட்டியைக் கட்டித் தொங்கவிட்டார். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வந்தபோது தகரம் வாங்கிய ஹாட்வெயார் கடைக்கே போய், “நானா, இந்தத் தகரத்தில் நாகப் பூச்சு எவ்வளவு?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “தங்கச்சி, தடிப்பைக் கேளுங்க, சொல்றேன். பூச்சை யாரு அளந்தா?” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. தகரத்தில் எங்கும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதத்தான் வேண்டும் என்று எந்த இடத்தில், யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி அன்று எனக்குத் தோன்றியது. அதற்குப் பதில் தேடிப் போய், பல வருடங்களுக்குப் பிறகு நானே அப்படியான ஒரு மேசையில் உட்கார நேர்ந்தது. கல்லூரி மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டபோது, நம் பிள்ளைகளில் அநேகருக்கு இருப்பதே தெரியாத அந்த மேசையைப் பற்றி எழுதலாம் என நினைத்தேன்.

முதலில் துருவைப் பற்றிச் சிறிது. திருக்குர்ஆனின் 57ஆவது அத்தியாயத்துக்கே இரும்பின் பெயர்தான். ஆனால் இரும்பு உறுதியானது போலத் தோன்றினாலும் நீரும் ஒட்சிசனும் கிடைத்தால் தன் பழைய தாது நிலைக்குத் திரும்பவே முயலும். உப்புக் காற்று அதை விரைவுபடுத்துகிறது. உருக்கின் மேல் நாகத்தைப் பூசுவது அதை மூடிவைப்பதற்காக மட்டுமல்ல. நாகம் உருக்கை விட இலகுவாக ஒட்சியேற்றப்படும். ஆகவே ஒரு கீறல் விழுந்தாலும் நாகம் அனோட்டாகத் தான் கரைந்து, பக்கத்தில் இருக்கும் உருக்கைக் காக்கிறது. கரைவதற்கு நாகம் இருக்கும் வரைக்கும்தான் இந்தக் காவல். எனவே கூரையின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தகரத்தின் தடிப்பல்ல, அதன் மேலுள்ள நாகத்தின் அளவு.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இசட் 275 என்று குறிக்கப்பட்ட தகரத்தில் ஒரு சதுர மீற்றருக்கு, இரண்டு பக்கமும் சேர்த்து, 275 கிராம் நாகம் இருக்கும். ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மைக்கிரோமீற்றர். இசட் 100 என்றால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 7 மைக்கிரோமீற்றர். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி மினுங்கும். இனி ஐ.எஸ்.ஓ. 9223 என்ற கட்டளையை எடுத்துக்கொள்வோம். அது உலகின் காற்றை சி1 முதல் சி5 வரையும், அதற்கும் மேலே சிஎக்ஸ் என்றும் ஆறு வகையாகப் பிரிக்கிறது. சி1 என்பது உலர்ந்த அறைக்குள் இருக்கும் காற்று. சி5 வகைக் காற்றில் முதல் வருடத்தில் நாகம் 4.2 முதல் 8.4 மைக்கிரோமீற்றர் வரை தேயும். அலையடிக்கும் கரையோரங்கள் பெரும்பாலும் சி4, சி5 என்ற வகைகளுக்குள் வரும். 7ஐ 4.2ஆலும் 8.4ஆலும் வகுத்துப் பாருங்கள். வாப்பாவின் கூரைக் கணக்கு உங்களுக்கே விளங்கிவிடும். தேய்வு பின்னைய வருடங்களில் சற்றுக் குறையலாம் என்பது உண்மை. ஆனால் ஏழு மைக்கிரோமீற்றரில் குறைவதற்கு அதிகம் மிச்சமிருக்காது.

இந்த எண்கள் வானத்தில் இருந்து விழுந்தவையல்ல. 100க்கு 150 மில்லிமீற்றர் அளவுள்ள உலோகத் தட்டுகளை நிறுத்து, திறந்த வெளியில் ஒரு வருடம் வைத்து, பின்னர் துருவை மட்டும் இரசாயனக் கரைசலால் நீக்கி மறுபடி நிறுக்கிறார்கள். அப்படியான ஓர் உருக்குத் தட்டின் இரண்டு முகங்களும் சேர்ந்து 300 சதுர சென்ரிமீற்றர். அது 12 கிராம் இழந்தால் ஒவ்வொரு முகத்திலும் ஏறக்குறைய 50 மைக்கிரோமீற்றர் போயிருக்கிறது என்று பொருள். தராசும் பொறுமையும் இருந்தால் ஒரு பாடசாலையிலும் செய்யலாம். தட்டின் அளவு என்ன, எத்தனை தட்டுகள், எந்தக் கரைசல், எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றையும் ஒரு குழு வாதாடித் தீர்மானித்திருக்கிறது. ஐ.எஸ்.ஓ. அமைப்பில் உலோகங்களின் அரிப்பைக் கவனிக்கும் தொழினுட்பக் குழுவின் இலக்கம் 156. அமெரிக்காவின் ஏ.எஸ்.ரி.எம். அமைப்பில் அதே வேலையைச் செய்வது ஜி01 என்ற குழு. நமது நாட்டில் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் இருக்கிறது. எஸ்.எல்.எஸ். இலச்சினை அதனுடையது.

‘கட்டளை’ என்ற சொல்லைக் கேட்டால் யாரோ மேலிருந்து இடும் உத்தரவு போலத் தோன்றும். தமிழில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. பொன்னை உரைத்துப் பார்க்கும் கல்லுக்குக் கட்டளைக்கல் என்று பெயர். இந்த நிறுவனங்களின் வேலைக்கு இந்தப் பொருள்தான் பொருத்தம் என்பது என் கருத்து.

சரி, அந்த மேசையில் யார் உட்காருகிறார்கள்? சார்ள்ஸ் டட்லி என்ற இரசாயனவியலாளரின் கதையில் இருந்து தொடங்கலாம். அவர் 1875இல் பென்சில்வேனியா ரயில் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தார். கம்பனி வாங்கிய தண்டவாளங்களை ஆராய்ந்து, உருக்கு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். உருக்கு ஆலைக்காரர்களுக்குக் கோபம் வந்தது. எங்கள் உருக்கை எப்படிச் செய்வதென்று வாங்குகிறவன் சொல்வதா என்று கேட்டார்கள். வாங்குகிறவர் தனியே எழுதினாலும் சரிவராது, செய்கிறவர் தனியே எழுதினாலும் சரிவராது, இருவரையும் ஒரே குழுவில் இருத்தித்தான் எழுத வேண்டும் என்பது டட்லி கண்ட பாடம். 1898இல் தொடங்கிய ஏ.எஸ்.ரி.எம். அமைப்பின் அடிப்படையே அதுதான். இன்றும் அங்கே உற்பத்தியாளர்களின் வாக்குகள் மற்றவர்களின் வாக்குகளை விட அதிகமாக இருக்க விடமாட்டார்கள். ஒரே கம்பனியில் இருந்து பத்துப் பேர் வந்தாலும் வாக்கு ஒன்றுதான். ஒருவர் எதிர்த்து வாக்களித்து அதற்குத் தொழினுட்பக் காரணமும் எழுதினால், அந்த ஒரு காரணத்துக்குக் குழு பதில் சொல்லியே ஆக வேண்டும். நம் வீடுகளில் மஷூறா செய்வோமே, அதை எழுத்தில் வைத்துச் செய்வது போல.

ஐ.எஸ்.ஓ. முறை சற்று வேறு. அங்கே வாக்கு நாட்டுக்குத்தான், ஆளுக்கில்லை. ஒரு வரைவு பல படிகளைத் தாண்டும். நாடுகள் வாக்களிக்கும் முக்கிய வரைவுக்கு 12 கிழமை அவகாசம். வாக்களித்த பங்கேற்பு உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், எதிர் வாக்குகள் மொத்தத்தில் காற்பங்கைத் தாண்டக் கூடாது. நாட்டின் சார்பில் என்ன சொல்வதென்று உள்ளூரில் ஒரு குழு கூடித் தீர்மானிக்கும். அந்தக் குழுவுக்கு ஆள் தேடுவதுதான் பெரிய பாடு. சம்பளம் கிடையாது. தேனீர் கிடைக்கும்.

நான் போனதும் திறமையினால் அல்ல. பூச்சுகளைப் பரிசோதிக்கும் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் மேலதிகாரிக்கு நேரமில்லை, அவருக்குப் பதிலாக என்னை அனுப்பினார். முதல் கூட்டத்தில் பதினொரு பேர் இருந்தார்கள், பெண் நான் ஒருத்தி மட்டும். அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அரை மணித்தியாலத்துக்கு மேலாக அவர்கள் வாதாடியது ஒரு வினைச்சொல்லைப் பற்றி. ஆங்கிலக் கட்டளைகளில் ‘ஷல்’ என்று எழுதினால் அது கட்டாயம். ‘ஷுட்’ என்றால் பரிந்துரை. ‘மே’ என்றால் அனுமதி. தமிழில் சொன்னால் ‘இட வேண்டும்’ என்பதற்கும் ‘இடுவது விரும்பத்தக்கது’ என்பதற்கும் உள்ள வித்தியாசம். அந்த வித்தியாசத்தில் இலட்சக்கணக்கான ரூபா இருக்கிறது. சில வேளை உம்மாவின் அடுப்புக்கு மேலே ஒரு சட்டியும் இருக்கிறது. தமிழ்ப் பாடத்தில் சொல்லின் பொருளை நுணுக்கிப் பார்க்கப் பழகிய பிள்ளை அந்த மேசையில் தோற்றுப் போக மாட்டாள் என்று அப்போது நினைத்தேன்.

அடுத்த வரைவு வந்தபோது துணிந்து ஒரு கருத்து எழுதினேன். எந்தக் குழு, எந்த ஆவணம் என்று சொல்வது முறையல்ல, அவற்றை விட்டுவிடுகிறேன். கருத்துச் சொல்வதற்கு ஒரு படிவம் உண்டு. எந்தப் பிரிவு, எந்தப் பந்தி, கருத்து பொதுவானதா தொழினுட்பமா மொழி சார்ந்ததா, கருத்து என்ன, அதற்குப் பதிலாக முன்வைக்கும் வாசகம் என்ன என்று நிரல்கள். நான் கருத்து நிரலில் ஒரு பக்கம் எழுதினேன். கரையோர மக்களின் கஷ்டமெல்லாம் அதில் இருந்தது. கடைசி நிரலை வெறுமையாக விட்டேன். கூட்டத்தில் செயலாளர் அதை வாசித்துவிட்டு, “முன்மொழிவு இல்லை, குறித்துக்கொள்ளப்பட்டது” என்று அடுத்ததுக்குப் போனார். அரை நிமிடத்தில் முடிந்தது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அவர் செய்தது சரிதான். என்ன தவறு என்று சொல்வது முறைப்பாடு. என்ன எழுத வேண்டும் என்று சொன்னால்தான் அது குழு வேலை.

மறு சுற்றில் ஒரே ஒரு வாக்கியம் கொடுத்தேன். ஒவ்வொரு தகரத்திலும் பூச்சின் நிறை அழியாத மையினால் இடப்பட வேண்டும் என்பது அது. உற்பத்தியாளர் தரப்பில் வந்தவர் மரியாதையானவர், விஷயம் தெரிந்தவரும்கூட. தாங்கள் சுருளாக வாங்கி அழுத்தி வெட்டுகிறவர்கள்தான், ஒவ்வொரு தகரத்திலும் அச்சிட வேறு இயந்திரம் வேண்டும், அந்தச் செலவும் ஏழை தலையில்தான் விழும் என்றார். உப்புத் தெளிப்புப் பரிசோதனையின் மணித்தியாலக் கணக்கை அச்சிட்டால் போதாதா என்று இன்னொருவர் கேட்டார். அதற்கு மட்டும் நான் தயாராக இருந்தேன். 35 பாகை செல்சியசில் 5 சதவீத உப்புக் கரைசலை ஒரு மூடிய பெட்டிக்குள் ஓயாமல் தெளிப்பது அந்தப் பரிசோதனை. வெளியில் கூரை நனையும், காயும். காயும் நேரத்தில்தான் நாகத்தின் மேல் காபனேற்றுப் படை உண்டாகி அதைக் காக்கும். பெட்டிக்குள் காய்வதற்கு இடைவெளியே இல்லை. ஆகவே பெட்டியின் மணித்தியாலங்களைக் கூரையின் வருடங்களாக மாற்ற முடியாது. அந்தப் பரிசோதனைக்கான ஐ.எஸ்.ஓ. 9227ஏ இதைப் பற்றி எச்சரிக்கிறது.

முடிவில் கிடைத்தது இதுதான். கட்டோடு வரும் அட்டையில் பூச்சின் நிறையைக் குறிப்பது கட்டாயம். தனித் தகரத்தில் இடுவது விரும்பத்தக்கது. ஏகோபித்த இணக்கம் என்றால் எல்லோரும் ஆம் என்பதல்ல, முக்கிய விடயத்தில் விடாப்பிடியான எதிர்ப்பு மிஞ்சாதிருப்பதுதான் என்று விதி சொல்கிறது. விடாப்பிடியாக நிற்கலாமா என்று நான் ஒரு கிழமை யோசித்தேன். கடைசியில் எதிர்ப்பை விலக்கிக்கொண்டேன். செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். ஏனென்றால் வசதியுள்ளவர் கட்டாக வாங்குவார். இரண்டு தகரம், மூன்று தகரம் என்று வாங்குகிறவருக்கு அட்டை கடையிலேயே நின்றுவிடும்.

பெற்றோரிடம் இரண்டு வார்த்தை. பிள்ளை இரசாயனவியல் படித்தால் மருத்துவம் அல்லது ஆசிரியத் தொழில் என்று மட்டும் எண்ண வேண்டாம். சர்வதேசக் கூட்டங்களில் பல இப்போது இணையவழியில் நடக்கின்றன. இஷாத் தொழுதுவிட்டு வீட்டிலிருந்தபடியே கலந்துகொள்கிறேன். தரநியமங்களை எழுதும் இடங்களில் பெண்கள் குறைவு என்பதை அந்த உலகமே ஒத்துக்கொண்டு 2019இல் ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு ஊடாக ஒரு பிரகடனம் செய்தது. ஐ.எஸ்.ஓ.வும் அதில் கையொப்பமிட்டது. குழுவில் உட்காரப் பட்டம் இருந்தால் நல்லது. கருத்துச் சொல்ல அது தேவையில்லை. உலக வர்த்தக அமைப்பின் நன்னடத்தைக் கோவைப்படி ஒரு கட்டளை வரைவுக்குக் கருத்துச் சொல்லக் குறைந்தது 60 நாள் கொடுக்க வேண்டும். கூரை வேலை செய்யும் மேசனும், ஹாட்வெயார் கடை நானாவும், தகரம் வாங்கி ஏமாந்த உம்மாவும் எழுதலாம். கடைசி நிரலை மட்டும் வெறுமையாக விட வேண்டாம்.

ஐ.எஸ்.ஓ. கட்டளைகள் ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது மீளாய்வுக்கு வரும். எங்கள் ஆவணமும் அப்படித்தான், அதன் முறை நெருங்குகிறது. சென்ற வருடம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூன்று உருக்குத் தட்டுகளும் மூன்று நாகத் தட்டுகளும் கட்டிவைத்தேன். உம்மா அவற்றில் ஒன்றின் மேல் கருவாடு காயவைத்துவிட்டார். அந்தத் தட்டைக் கணக்கில் இருந்து நீக்கிவிட்டு, புதிதாக ஒன்று வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு வருடம் முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.