தேர் வராத தெருவுக்கும் புதைவடம் வேண்டும்

பழு என்றால் ஆலமரம். கீழப்பழுவூரில் குடிகொண்ட ஆலந்துறையாரின் பெயரிலும் அந்த மரமே நிற்கிறது. மரத்தால் பெயர் பெற்ற ஊரில் கிளையும் மின்கம்பியும் உரசாத தெருவைத் தேடத்தான் வேண்டும். ஆடிக்காற்றில் கிளை முறிந்தால் கரண்ட் போகும். அறுந்து கிடக்கும் கம்பியை மிதித்தால் உயிரே போகும்.

2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசியது. சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்தார்கள். தேரோடும் வீதிகளில் கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோக வேண்டும் என்ற கோரிக்கை அதன்பின் வலுத்தது. நியாயமான கோரிக்கைதான். ஆனால், பல ஊர்களில் தேர் சேரிப் பக்கம் திரும்புவதே இல்லை. தேர் வராத தெருவுக்குப் புதைவடம் எப்போது வரும்?

காலனித் தெருக்களில் அண்ணாந்து பாருங்கள். தெருவின் குறுக்கே போகும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்கு மேலே 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது விதி. கம்பி இழுத்த காலத்தில் கீழே இருந்தது குடிசை. இன்று அது காங்கிரீட் வீடு. சாலைமேல் சாலை போட்டுத் தரையும் உயர்ந்துவிட்டது. கம்பியோ தொய்ந்து இறங்கியிருக்கிறது. மாடியில் துணி காயப்போடும் பெண்ணின் கைக்கும், பட்டம் விடும் பிள்ளையின் கைக்கும் அது எட்டும் தூரம்தான்.

புதைவடத்துக்குச் செலவு பல மடங்கு என்பார்கள். உண்மைதான். ஆனால், புயலுக்கு அஞ்சி கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணியில் உலக வங்கிக் கடனில் அந்த வேலை நடந்திருக்கிறது. பள்ளம் தோண்டினால் வேர் அறுபடும் மரத்தடிகளில், காப்புறையிட்ட கம்பிகளை ஒன்றாய் முறுக்கிக் கம்பத்திலேயே கட்டலாம். கிளை உரசினாலும் ஆபத்து குறைவு, செலவும் குறைவு.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிக்கான நிதியை அவர்களுக்கே செலவிட 2024இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. அந்த நிதியில் ஒரு பங்கு கம்பிக்கும் வரட்டும். படிக்கும் தம்பி, தங்கைகள் தங்கள் தெருவில் தாழ்ந்து தொங்கும் கம்பிகளைக் கணக்கெடுங்கள். மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் சொல்லி, பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். அடுத்த கிராம சபையில் அதைத் தீர்மானமாக்குங்கள். செத்த பிறகு வரும் நிவாரணத் தொகையை விட, சாகாமல் இருக்கும் உரிமை பெரிது.